மனுவுக்கு ரசீது, விசாரணைக்கு நோட்டீஸ்

பெரும்பாலான குடும்பங்கள் காவல் நிலையத்துக்குப் போவது சின்னக் காரணங்களுக்காகத்தான். பைக் திருடு போகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டித் தள்ளிப் போடுகிறார். நடந்து போகும் பெண்ணின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு யாரோ ஓடுகிறார்கள். அங்கே கிடைக்கும் பதில்கள் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், சாயங்காலம் வாங்க." "நல்லா தேடிப் பார்த்தீங்களா?" "கேஸுன்னு போனா அலைச்சல், ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க." இப்படி அலைக்கழிந்தவர் ஸ்டேஷன் வாசலை மிதித்ததற்குக்கூட எந்தச் சான்றும் இருக்காது. காவல்துறை மீதான அவநம்பிக்கைக்குக் காரணமாக லஞ்சம், அடாவடி, அரசியல் தலையீடு என்று பலவற்றைச் சொல்கிறோம். அவை அத்தனையும் தழைப்பதற்கு வசதியான மண், எழுத்தில் வராத சந்திப்பு. ஆகவே காவலருக்கும் குடிமக்களுக்கும் இடையிலான ஒவ்வொரு முக்கியமான சந்திப்பும் குடிமகன் கையில் ஓர் எழுத்தைத் தந்துவிட்டு முடிய வேண்டும். காவல்துறைச் சீர்திருத்தத்தில் உடனே செய்யக்கூடியதும், செலவு குறைந்ததும், பலன் மிகுந்ததும் இதுவே.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கைது செய்தற்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னும் சில படிகள் முன்னே போகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியில் அனுப்பி, மூன்று நாளுக்குள் கையெழுத்திடலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். அதை எழுதிப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவது அதிகாரியின் கடமை. அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஸ்டேஷன் ரைட்டரின் மேசையில் அது ஏன் தடுமாறுகிறது? முதல் காரணம் எண்ணிக்கை. பதிவான ஒவ்வொரு வழக்கும் அந்த நிலையத்தின் குற்றக் கணக்கில் ஏறுகிறது. கணக்கு கூடினால் ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது காரணம் உழைப்பு. பதிந்த வழக்கை விசாரிக்க வேண்டும், சாட்சி தேட வேண்டும், கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே பிறந்த நடைமுறைதான் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. எண்ணும் தேதியும் கொண்ட அந்தச் சீட்டு, புகார் வந்ததற்கு ஆதாரம் என்ற அளவில் மதிப்புள்ளது. கைது செய்தற்குரிய குற்றத்துக்கும் அதையே கொடுத்து அனுப்பும்போது, வழக்குப் பதிவுக்குப் போட்ட மூடியாக அது மாறிவிடுகிறது. வண்டி திருடு போனவர் காப்பீட்டு நிறுவனத்தில் அந்தச் சீட்டை நீட்டும்போதுதான் வித்தியாசம் அவருக்கு உறைக்கிறது.

கண்காணிக்கப்படுகிறோம் என்ற உணர்வு இந்தப் போக்கை மாற்றுமா என்பதற்கு ராஜஸ்தானில் நடந்த ஒரு சோதனை பதில் தருகிறது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் இடம்பெற்ற ஆய்வுக்குழு, 2000களில் அந்த மாநிலக் காவல்துறையோடு சேர்ந்து சில சீர்திருத்தங்களைப் பரிசோதித்தது. நிலையங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளக்க, தாங்கள் யாரென்று சொல்லாமல் புகார் கொடுக்கும் ஆட்களையும் அனுப்பியது. அளவுகோலாகத் திட்டமிட்ட அந்த வருகைகளே காவலர்களின் செயல்பாட்டை மேம்படுத்தின என்பது ஆய்வு கண்டறிந்த முடிவுகளில் ஒன்று. எதிரில் நிற்பவர் தம்மைச் சரிபார்க்க வந்தவராக இருக்கலாம் என்ற நினைப்பு, அதே சம்பளத்தில் அதே மனிதர்களை வேறு விதமாக நடக்க வைத்தது. காவலரின் குணத்தை மாற்றும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மக்கள் காவலரைத் தேடிப் போகும்போது மட்டுமல்ல, காவலர் மக்களை அழைக்கும்போதும் எழுத்து வேண்டும். "ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம், ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க" என்ற தொலைபேசி அழைப்பு ஒரு வீட்டில் எழுப்பும் பயத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த வழக்கு, சாட்சியாகவா சந்தேக நபராகவா, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று எதுவும் தெரியாது. சட்டமோ சாட்சியை எழுத்தாணை மூலம் அழைக்கச் சொல்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், 60 வயது தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், தேவையைப் பரிசீலித்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. அத்தகைய நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. ஒருவரின் சுதந்திரம் அந்தத் தாளில் தொங்குகிறது என்பதால்தான் இத்தனை கண்டிப்பு.

எழுத்தில்லாத அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே பழைய சான்று உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. வரி வசூலிக்கும் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்ததால், அடிபட்டவர் முறையிடப் போக வேண்டிய இடமும் பெரும்பாலும் அடித்தவர்களின் அலுவலகமாகவே இருந்தது. அந்த அறிக்கைக்குப் பின் 1859இல் மாகாணத்துக்கெனத் தனிக் காவல் சட்டம் வந்தது. ஆனால் அதிகாரத்தைப் பிரித்ததோடு ஆபத்து நீங்கிவிடவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைக் காரணம் காட்டி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், நிலையத்தின் கேமரா பதிவுகள் அன்றாடம் தாமாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து தந்த வாக்குமூலம்தான் அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

எல்லாவற்றையும் பதிவு செய்தால் பொய்ப் புகார்கள் பெருகாதா என்ற கேள்வி நியாயமானது. முன்விரோதத்தில் வழக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பதிவு என்பது தீர்ப்பு ஆகாது. விசாரணையின் தொடக்கம் மட்டுமே. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு போன்றவற்றில் முதற்கட்ட விசாரணைக்கு லலிதா குமாரி தீர்ப்பே இடம் விட்டிருக்கிறது. மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் அதை முடிக்கப் புதிய சட்டமும் வழி தருகிறது. பொய்ப் புகார் தருவது தனிக் குற்றம்; அதை நிரூபிக்கவும் அந்தப் புகார் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நிலையத்தின் தலையில் மேலும் எழுத்து வேலையா என்று காவலர்கள் கேட்பார்கள். அவர்களின் களைப்பு உண்மையானது. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு அரசாணையாக வருவதற்கே 2021 வரை ஆனது. விடுப்பும் கூடுதல் ஆட்களும் அவர்களுக்குக் கிடைத்தே தீர வேண்டும். ஆயினும் ஒரே புகாருக்காக ஒருவரை நான்கு முறை வரவழைப்பது காவலரின் நேரத்தையும்தான் தின்கிறது. போக்குவரத்துச் சோதனையில் இ-சலான் வந்தபின், எண்ணும் நேரமும் அபராதத் தொகையும் அச்சாகி வரும் இடத்தில் பேரத்துக்கான இடம் சுருங்கியது. நேர்மையான காவலருக்கு "காசு வாங்கிட்டாங்க" என்ற பழியிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தது. பேசித் தீர்ப்பதே ஊருக்கு நல்லது என்பாரும் உண்டு. வரப்புத் தகராறு பேசித் தீர்ந்தால் நல்லதுதான். இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் சமரசம். எளியவரை மிரட்டி வாய்மொழியாக முடித்து அனுப்பினால் அது கட்டப்பஞ்சாயத்து.

இந்த வாதத்துக்கு இருக்கும் வலுவான மறுப்பு வேறொன்று: எழுத்தும் பொய் சொல்லும். காவலர் தமக்கு வேண்டியபடி எழுதிக்கொள்ளலாம் என்பதை மறுப்பதற்கில்லை. அதனால்தான் ஒரே பதிவை நம்பாமல், ஒன்றையொன்று சரிபார்க்கும் பல பதிவுகள் வேண்டியிருக்கிறது. நிலையத்தின் பொது நாட்குறிப்பு, புகார்தாரர் கையில் உள்ள நகல், உதவி எண்ணுக்கு வந்த அழைப்பின் பதிவு, கேமரா காட்சி ஆகிய நான்கும் ஒத்துப்போகும்படி பொய்யை ஜோடிப்பது கடினம். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம், வசதியில்லாத இடத்தில் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவுகளைக் காவல்துறைக்கு வெளியே உள்ளவர்களும் அவ்வப்போது எடுத்துப் பார்த்தால்தான் உத்தரவுக்குப் பொருள் உண்டு.

இதில் நம் பங்கும் இருக்கிறது. புகாரோடு போகும்போது இரண்டு நகல் எடுத்துப் போவதும், எண் போட்ட ரசீது கேட்பதும், தொலைபேசியில் அழைத்தால் "நோட்டீஸ் குடுங்க, வந்துடறோம்" என்று பணிவாகச் சொல்வதும் சட்டம் தந்த உரிமைகள். அதைவிட முக்கியமான கடமை ஒன்று உண்டு. பதிவான வழக்குகள் கூடின என்ற செய்தி வந்தவுடன் குற்றம் பெருகிவிட்டது என்று எதிர்க்கட்சி முழங்குகிறது, பத்திரிகை தலைப்பிடுகிறது, நாமும் தலையாட்டுகிறோம். அந்த முழக்கத்துக்குப் பயந்தே அரசு எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறது. ஸ்டேஷனில் அந்த நெருக்கடி "சாயங்காலம் வாங்க" என்ற பதிலாக முடிகிறது. எத்தனை வழக்கு பதிந்தது என்று கேட்பதை விட்டு, வந்த புகாரில் எத்தனை பதிந்தது, பதிந்ததில் எத்தனை தீர்ந்தது என்று நாம் கேட்கத் தொடங்க வேண்டும். புகாரைப் பதியும் அதிகாரி அதற்காகத் தண்டனை பெறாத நிலை வந்தால், சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் உரிமை எளிய மனிதரின் கைக்கும் வந்து சேரும்.