ஊர் வளர்த்த பிள்ளைகள்

திருமண வீட்டிலோ பங்குத் திருவிழாவிலோ ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நால்வர் ஒன்றுகூடிவிட்டால், பேச்சு எப்படியும் ஓரிடத்திற்கு வந்து சேரும். “எங்களை யார் தேடினார்கள்? காலையில் பழையதைக் குடித்துவிட்டுப் புறப்பட்டால் பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டு நினைவே வரும்” என்பார் ஒருவர். மற்றவர்கள் ஆமோதிப்பர். அருகில் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் பேரப்பிள்ளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும்.

அவர்கள் சொல்வது பொய்யன்று. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களில் 1970களிலும் 1980களிலும் வளர்ந்தவர்கள் அதனை அறிவர். சித்திரை, வைகாசியில் தின்று போட்ட நுங்குக் கூந்தல்கள் இரண்டைக் குச்சியொன்றால் இணைத்துக் கவைக்கம்பால் தள்ளினால் அதுவே வண்டி. அது அடுத்த ஊர் எல்லைவரை ஓடும். நீச்சல் கற்பிக்க ஆசிரியர் கிடையாது. உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அண்ணன்மார் கிணற்றில் தள்ளிவிடுவர். சில நாள்களில் குடுக்கை தேவைப்படாது. கிட்டிப்புள் ஆட்டத்தில் எழுந்த வழக்கைத் தீர்க்கப் பெரியவர் எவரும் வந்ததில்லை. சண்டையும் அவர்களுடையது, சமாதானமும் அவர்களுடையது. மாலையில் கோவிலில் திரிகால மணி அடிக்கும். அந்த ஓசை அடங்கிய பின்னும் தெருவில் நின்றவன் முதுகில் அடி விழும்.

ஆனால் இதனை மேற்பார்வையற்ற காலம் என்று சொல்வது பொருந்துமா? திண்ணையில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்த பெண்களின் கைகள் ஓலையில் இருந்தன. கண்கள் தெருவில் இருந்தன. தேநீர்க் கடைக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் ஒவ்வொரு பிள்ளையையும், “நீ இன்னார் மகன்தானே?” என்று அறிந்திருந்தனர். ரயில் பாதைப் பக்கம் போனவனைப் பற்றிய செய்தி, அவனுக்கு முன்பாகவே வீடு போய்ச் சேர்ந்துவிடும். எவர் கண்டித்தாலும் பெற்றோர் சண்டைக்குப் போகமாட்டார்கள். தம் பங்குக்கும் இரண்டு கொடுப்பர். இன்று அப்படிக் கண்டிப்பவர், “என் பிள்ளையைக் கேட்க நீர் யார்?” என்னும் கேள்விக்கு அஞ்சியே வாயை மூடிக்கொள்கிறார்.

பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை லூக்கா எழுதியிருக்கிறார். ஆலயத்தில் அவரைக் கண்டெடுத்ததைப் பற்றியே நாங்கள் பிரசங்கம் செய்கிறோம். அதற்கு முந்திய ஒருநாள் பயணத்தை எவரும் பேசுவதில்லை. பயணிகள் கூட்டத்தில் எங்கோ இருப்பார் என்று எண்ணியே மரியாளும் சூசையும் ஒரு பகல் முழுவதும் நடந்திருக்கிறார்கள். பின்னரே உறவினரிடத்தும் அறிமுகமானவரிடத்தும் தேடுகிறார்கள். அவர்களைக் கவனமற்ற பெற்றோர் என்று கூற எவருக்கும் துணிவு வராது. உறவும் ஊருமாகச் சேர்ந்து நடந்தவர்கள் அவர்கள். இன்று நம் பெற்றோர் யாரை நம்பி ஒரு பகல் நடக்க முடியும்?

பழைய நாள்களைப் புகழ்வோர் சிலவற்றை மறந்தே புகழ்கின்றனர். அந்தக் கிணறுகள் எல்லாப் பிள்ளைகளையும் திருப்பித் தந்துவிடவில்லை. பழைய அடக்கப் பதிவேடுகளைப் புரட்டிய குருக்களுக்கு, வயதைக் குறிக்கும் கட்டத்தில் 6, 8, 11 என்று எழுதியிருப்பது தெரியும். அவர்கள் திருமண வீட்டுப் பேச்சுக்கு வருவதில்லை; பிழைத்தவர்கள்தாமே கதை சொல்கிறோம்! எல்லாத் தெருக்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தன என்றும் சொல்வதற்கில்லை. சாதி எங்கே நிறுத்தியது என்பதை நிறுத்தப்பட்டவர்கள் மறக்கவில்லை.

இன்னொருத்தியும் மறக்கப்படுகிறாள். தம்பி நுங்கு வண்டியோடு ஊர் சுற்றிய அதே வேளையில், கடைக்குட்டியை இடுப்பில் சுமந்துகொண்டு வாசலில் நின்ற அக்காள் அவள். அவளுக்கே எட்டோ ஒன்பதோ வயது. தாய் வேலைக்குப் போனதால் பள்ளியை விட்டு நின்றவர்களும் உண்டு. வீட்டின் இலவச மேற்பார்வை அவள்தான்! தமிழகத்தில் 1971-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 பிள்ளைகள். 2020-இல் அது 1.4. இன்று பெரும்பாலான வீடுகளில் அத்தகைய அக்காள் இல்லை. இருப்பவளும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அவளை மீண்டும் வாசலுக்கு அழைக்க நமக்கு உரிமையில்லை.

தெருவும் மாறிவிட்டது. இந்தியாவில் 1971-இல் பதிவு பெற்றிருந்த மோட்டார் வாகனங்கள் சுமார் 19 இலட்சம். 2020-இல் அவை 32 கோடியைத் தாண்டின. இதன் விளைவை இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்பாரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தனர். அங்கே 1971-இல் 7, 8 வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990-இல் அத்தகையோர் 9 பேரே. அதற்கிடையில் சாலையில் மடியும் பிள்ளைகளின் தொகை குறைந்திருந்தது உண்மை. சாலைகள் திருந்தியதால் அன்று, பிள்ளைகளைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்தியதால்தான் அது குறைந்தது என்று ஹில்மன் வாதிட்டார். நம் ஊர்களிலும் நடந்திருப்பது அதுவேயல்லவா?

வாகனத்தைக் காட்டிலும் பெற்றோரை வாட்டுவது மற்றோர் அச்சம். அதனைக் குறை கூறமாட்டேன். அக்காலத்திலும் பிள்ளைகளுக்குக் கொடுமைகள் நடந்தன. சொல்ல அவர்களுக்குச் சொல் இல்லை, கேட்கப் பெரியவர்களுக்குச் செவி இல்லை. 2012-இல் போக்சோ சட்டம் வந்த பிறகே பல வாய்கள் திறந்தன. ஆயினும், மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இக்கொடுமை புரிந்தவர்களுள் பாதிப்பேர் பிள்ளைகளுக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள் என்று காட்டியது. கோவில் வளாகங்களும் இதற்கு விலக்கல்ல. வாயிற்கதவைப் பூட்டுவதால் அந்நியனைத்தான் தடுக்க முடியும்.

ஜப்பானில் 6, 7 வயதுச் சிறுவர்கள் இன்றும் பெற்றோரின்றி நடந்தே பள்ளிக்குச் செல்கின்றனர். பல ஊர்களில் பெரிய மாணவர் முன்னே செல்ல வரிசையாகப் போகின்றனர். நம்மவர் இதைக் கேட்டு, அது ஒழுக்கமுள்ள நாடு என்று பெருமூச்சு விடுவர். அங்கே வயது முதிர்ந்தவர்கள் தன்னார்வமாகக் காலையில் தெருமுனைகளில் நிற்கின்றனர். கடைகளிலும் வீடுகளிலும் காவல்துறையின் 110 என்னும் எண்ணைத் தாங்கிய அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருக்கும். அச்சமுற்ற பிள்ளை அங்கே நுழைந்துவிடலாம். நம் திண்ணைகள் தாமாகச் செய்த வேலையை, அவர்கள் திட்டமிட்டுச் செய்கிறார்கள்.

எங்கள் பங்கில் கடந்த கோடை முதல் கோவில் மைதானம் மாலை நான்கரை மணியிலிருந்து திரிகால மணிவரை திறந்திருக்கிறது. வேப்பமரத்தடி பெஞ்சுகளில் முறைவைத்துப் பெரியவர்கள் அமர்கின்றனர். எந்நாளும் இருவருக்குக் குறையாமல். அவர்கள் ஆட்டத்தில் தலையிடலாகாது, கைப்பேசியையும் தொடலாகாது. இரண்டாவது விதிதான் அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. முதல் வாரத்தில் பையன்கள் என்னிடம் வந்து, “ஃபாதர், என்ன விளையாட வேண்டும்?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு மாதத்திற்குள் எல்லைக்கோட்டைப் பற்றிப் பெருஞ்சண்டை ஒன்று மூண்டு, அவர்களுக்குள்ளேயே தீர்ந்தது. சிறுமிகள் ஏழெட்டுப் பேரே வருகிறார்கள். அவர்களை மட்டும் ஐந்தரை மணிக்கே தாய்மார் அழைத்துப் போய்விடுகின்றனர்.