கோஷர் முத்திரை பெறுவது எவ்வாறு?

நம் புள்ளலூர்ப் பக்கத்து நெல்லும் மணிலாக்கொட்டையும் சந்தைக்குச் சென்றபின் யார் வீட்டு அடுப்பில் ஏறுகின்றன என்று நாம் கேட்பதில்லை. கடல் கடந்து சரக்கு விற்க எண்ணும் சங்கமோ அதைக் கேட்டே ஆகவேண்டும். அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் உள்ள வியாபாரிகள் பலர், விலை பேசுமுன்பே ‘கோஷர்’ முத்திரை உண்டா என்று வினவுகின்றனர்.

கோஷர் என்னும் ஹீப்ரு மொழிச் சொல்லுக்குத் ‘தக்கது’ என்பது பொருள். யூதர்களின் சமய விதிப்படி உண்ணத்தக்கது என்று கொள்க. யூதர் நமக்கு அயலாரும் அல்லர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த அவர்களுடைய தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. பன்றியும், செதிளும் துடுப்பும் இல்லாத மீனும் அவர்களுக்கு விலக்கு. இறைச்சியும் பாலும் ஒன்றுசேரலாகாது. புழு பூச்சியும் ஆகாது.

ரபி என்னும் சமய குரு வந்து மந்திரம் ஓதி உணவைப் புனிதமாக்குகிறார் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அவர் செய்வது நம் சங்கத் தணிக்கையாளர் செய்யும் வேலையை ஒத்தது. நியூயார்க்கின் ஆர்தடாக்ஸ் யூனியன், பால்டிமோரின் ஸ்டார்-கே போன்ற நிறுவனங்களுக்கு ஆலையார் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும், அதைச் செய்தவர் பெயரையும், இயந்திரங்களையும் அதில் குறிக்க வேண்டும். பின்னர் ரபி நேரில் வந்து கொப்பரை, குழாய், கிடங்கு யாவற்றையும் பார்ப்பார். திருப்தியானால் கட்டணமும் ஒப்பந்தமும்; அதன்பின் முன்னறிவிப்பில்லாத சோதனைகளும் உண்டு.

முழுத் தானியத்துக்கும் வறுக்காத கடலைக்கும் தொல்லை குறைவு. பக்குவம் செய்யத் தொடங்கினால்தான் சிக்கல். வெள்ளரி ஊறுகாய்க்கு ஊற்றும் காடி திராட்சை ரசத்தினின்று எடுத்ததானால் தனி விதிகள் குறுக்கிடும். பக்கத்துக் கொப்பரையில் இறைச்சி வெந்து, இரண்டையும் சூடாக்கும் நீராவி நீராகி ஒரே குழாயில் கொதிகலனுக்குத் திரும்பினாலும் ஆட்சேபம் எழும். விலக்கான பொருள் சூடாகப் பட்ட பாத்திரத்தைத் துலக்கி, 24 மணி நேரம் சும்மா விட்டு, கொதிநீரால் தூய்மை செய்வது வழக்கம். நம் நாட்டுப் பச்சைப் புள்ளி போதாதா எனில், போதாது. அது சைவம் என்பதை மட்டும் காட்டும். வண்டு விழுந்த அரிசியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் ஒரு செய்தி: ஆட்டுரோமமும் லினன் என்னும் ஆளிநாரும் கலந்த ஆடையை யூதர் அணியலாகாது. நமது பருத்திக்கும் பட்டுக்கும் அத்தடை இல்லை.

செலவு பெரிது, சிறு சங்கம் தனியே தாங்குவது கடினம். அதனினும் பெரிய அபாயம் வேறு. சரக்குத் தட்டுப்பட்ட வாரத்தில் கடைவீதிக் காடியை எவரிடமும் சொல்லாமல் வாங்கி ஊற்றினால், முத்திரை பறிபோகலாம். அனுப்பிய சரக்கும் திரும்பி வரலாம். அந்நட்டம் எல்லா அங்கத்தினர் தலையிலும் விழும். ஆகவே கொள்முதல் சீட்டுகளைத் தேதிவாரியாகக் காப்பது அவசியம்.

விண்ணப்பிக்குமுன், எந்த நிறுவனத்தின் முத்திரையை ஏற்பார் என்று வாங்குபவரிடம் எழுத்துமூலம் கேட்டுக்கொள்க. எல்லா முத்திரையையும் எல்லாரும் ஏற்பதில்லை. பாஸ்கா பண்டிகைக்கான சரக்காயின் அதையும் கேட்கவேண்டும். ஐரோப்பிய வழி யூதர் பலர் அந்நாட்களில் அரிசியையும் கடலையையும் தொடமாட்டார்கள்.