ஊர் திரும்பும் முன் பன்னிரண்டு நாள்

பொங்கல் விழா முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது, மலர்க் குழுவைச் சேர்ந்த மாமா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஜெர்மனி போய்ப் படிச்சுட்டு வந்தியே, அதை எழுதிக் கொடேன். என்ன பார்த்தே, என்ன சாப்பிட்டே, அவ்வளவுதான்" என்றார். பார்த்ததையும் சாப்பிட்டதையும் எழுதுவதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கட்டுரையாகத்தான் இருக்கும். அதனால் இரண்டையும் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

2024 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் படித்தேன். பூகோளம் என் பாடம். பரிமாற்ற மாணவி என்றால் அங்கேயே பட்டம் வாங்குகிறவள் அல்ல. சம்பளம் கட்டுவது தில்லியில், வகுப்பில் உட்காருவது அங்கே, வாங்கிய மதிப்பெண் மறுபடி தில்லிக் கணக்கில். ஐரோப்பிய நாடுகளுக்குள் 1987ல் 'எராஸ்மஸ்' என்ற பெயரில் இந்த ஏற்பாடு ஆரம்பித்தது. இப்போது நம் பல்கலைக்கழகங்கள் பலவும் இப்படி மாணவர்களை அனுப்பி வைக்கின்றன. ஹைடல்பர்க் 1386ல் தொடங்கிய பல்கலைக்கழகம். நெக்கர் ஆறு, பழைய பாலம், மேலே இடிந்த கோட்டை என்று ஊரே ஒரு நாட்காட்டிப் படம் போல இருக்கும்.

பருவம் முடிகிற சமயத்தில் என் கணவர் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதில் நாலு மாதம் போன் பேச்சிலேயே ஓடிவிட்டது. கடைசியாகக் கொஞ்சம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு.

மூட்டை கட்டும் படலம்

அவர் வந்த முதல் இரண்டு நாளும் சுற்றிப் பார்க்க நேரமில்லை. விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். அங்கே குடியேறும்போது நகர அலுவலகத்தில் பதிவு செய்கிற மாதிரியே, நாட்டை விட்டுப் போகும்போதும் பதிவை ரத்து செய்ய வேண்டும். அறை முன்பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வங்கிக் கணக்கை மூடிவிடக் கூடாது. பின்னால் போகிற பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கட்டிலுக்கு அடியில் நாலு மாதத்துக் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் சேர்ந்திருந்தன. அந்த ஊரில் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும். நாற்பது பாட்டில், பத்து யூரோ! "பழைய பேப்பர்காரனை விட நியாயமான ஆள்" என்று இவர் அந்த இயந்திரத்தைப் பாராட்டினார்.

என் மாமியார் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தார். நெய்யை மட்டும் நானே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து பால் பொருள்களையும் மாமிசத்தையும் ஐரோப்பாவுக்குள் கையில் கொண்டுபோக அனுமதி இல்லை. பொடி இருந்ததால் வழியெல்லாம் அரிசியை மட்டும் வாங்கிக் காலம் தள்ளினோம்.

போக்குவரத்துச் செலவும் ஒரு சீட்டில் முடிந்தது. அப்போது மாதம் 49 யூரோவுக்கு, அதாவது சுமார் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு, நாடு முழுவதும் செல்லும் ஒரு சீட்டு உண்டு. (2025ல் அது 58 யூரோ ஆனது, 2026ல் 63.) அதிவேக ரயில்களில் செல்லாது. பாசஞ்சர் வண்டி, டிராம், பஸ் எதிலும் ஏறலாம். அது காலண்டர் மாதக் கணக்கு என்பதால் ஆகஸ்ட் 1ஆம் தேதி கிளம்பினோம். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். அதை நினைவு வைத்து ரத்து செய்தவர் இவர்தான்.

ஏரிக்கரையில் சொன்னது

முதல் நாள் உல்ம் நகரில் இறங்கினோம். ஐன்ஸ்டீன் 1879ல் பிறந்த ஊர். அங்குள்ள தேவாலயத்தின் கோபுரம் 161 மீட்டருக்கும் மேல். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம் அதுதான். 2025 அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா அதை மிஞ்சிவிட்டது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, மாலை வண்டியில் லிண்டாவ் போய்ச் சேர்ந்தோம்.

லிண்டாவ், போடன்சே என்கிற பெரிய ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு. துறைமுக வாசலில் ஒரு பக்கம் கல் சிங்கம், மறு பக்கம் கலங்கரை விளக்கம். எதிரே ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் தெரியும். ஆகஸ்டில் அங்கே இரவு ஒன்பது மணி நெருங்கும்போதுதான் அஸ்தமனம். படித்துறை போன்ற கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மூன்று வாரமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

ஜூலை ஆரம்பத்தில் என் பேராசிரியர் கூப்பிட்டு, எம்.எஸ்ஸி. முடிந்ததும் முனைவர் பட்ட ஆய்வுக்கு அங்கேயே வரலாம், விண்ணப்பித்தால் இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தார். மூன்று வருஷம். சம்பளம் உண்டு.

இவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூணு வாரமா தினம் போன்ல பேசினோமே" என்றார். அவ்வளவுதான். போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன பதில் சொல்வது?

அடுத்த நாலைந்து நாள் மியூனிக், நியூரம்பர்க் என்று சுற்றினோம். கோட்டைகளைப் பார்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் திறக்காது என்பது தெரிந்திருந்தும் சனிக்கிழமை அரிசி வாங்க மறந்து, ஸ்டேஷனில் ரொட்டி தின்றோம். வண்டி நேரத்தைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் நிறையப் பேசினோம். அந்த விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை.

ஹாலேயில் தரங்கம்பாடி

ஹாலே நகருக்குப் போக வேண்டும் என்று சொன்னவர் அப்பா. அவருக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். தரங்கம்பாடிக் கடற்கரையில் விளையாடியவர். சீகன்பால்கு ஹாலேயிலிருந்து ஆதரவு பெற்று 1706ல் தரங்கம்பாடிக்கு வந்ததும், தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்துக் கப்பலில் அனுப்பியதும், அவரது தமிழ் இலக்கண நூல் 1716ல் ஹாலேயிலேயே அச்சானதும் அப்பாவுக்கு மனப்பாடம்.

1698ல் தொடங்கிய பிராங்கே நிறுவனத்தின் பெரிய கட்டடம் இன்றும் இருக்கிறது. அதன் மேல்மாடியில், பழைய அலமாரிகளில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த பொருள்களை அந்தக் காலத்தில் அடுக்கியபடியே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து போனவையும் உண்டு. அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச் சுவடிகளைப் பாதுகாக்கிறார்கள். குளிர் தேசத்தில், பூச்சி அரிக்காமல், முந்நூறு வருஷமாக!

சீகன்பால்கு 1714ல் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூட வந்தார். இலக்கணப் பணியில் உதவினார். மறுபடி தரங்கம்பாடிக்கே திரும்பினார். அந்தக் காலத்தில் கப்பலில் ஒரு வழிக்கு மட்டும் மாதக்கணக்கில் ஆகும். போன், கடிதம், வீட்டிலிருந்து ஒரு வார்த்தை, எதுவும் கிடையாது.

"இவர்தான் முதல் பரிமாற்ற மாணவர்" என்றார் இவர். லிண்டாவுக்குப் பிறகு நான் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "போறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. நான் என்ன சொல்லுவேன்னு நீயே முடிவு பண்ணிட்டே பாரு, அதான்." தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆடி வெள்ளி

ஹாலேயிலிருந்து காசல் வழியாக, இரண்டு பாசஞ்சர் வண்டி மாறி ஹாம் நகருக்குப் போனோம். ஆகஸ்ட் 9, ஆடி வெள்ளிக்கிழமை. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கினால் 17 மீட்டர் ராஜகோபுரம்! ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 1980களில் அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்கள் சிறுகச் சிறுகக் கட்டியெழுப்பி, 2002ல் குடமுழுக்குச் செய்த கோயில். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்களாம். தீர்த்தம் அருகிலுள்ள கால்வாயில்.

நாலு மாதம் கழித்து விபூதி வாசனை. கண் நிறைந்துவிட்டது. பிராகாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, "இந்தியாவோ பிள்ளை?" என்று கேட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நாங்கள் எண்பத்தஞ்சில வந்தனாங்கள். ரெண்டு வருசத்தில பிரச்சினை முடிஞ்சிடும், திரும்பிப் போயிடலாம் எண்டுதான் நினைச்சனாங்கள். ஒரு சூட்கேஸைப் பிரிக்காமலே வச்சிருந்தனான்."

"இப்போது போய் வருவதுண்டா அம்மா?"

"சண்டை முடிஞ்ச பிறகு ஒருக்காப் போனனான். வீடு இல்லை. கிணறு மட்டும் கிடக்குது. கூப்பிட ஆள் இல்லாத ஊருக்குப் போய் என்ன செய்யிறது? பிள்ளையள் எல்லாம் இஞ்சதானே." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் திங்கட்கிழமை பிளேன் ஏறினால் திறக்க ஒரு வாசல் இருக்கெல்லோ. அது பெரிய விசயம் பிள்ளை" என்றார்.

எண்பத்தைந்து. அப்பா ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கிய அதே வருஷம். இரண்டு பேரும் ஒரே கணக்கோடுதான் கிளம்பியிருக்கிறார்கள். அப்பா வேலைக்காக வந்தவர், அந்த அம்மா உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர். அந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை. ஆனால் பிரிக்காத சூட்கேஸ் எங்கள் ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸிலும் பரண் மேல் ஒன்று இருந்தது.

பாலத்தில் பூட்டு

மறுநாள் கொலோன். அந்தத் தேவாலயத்தை 1248ல் ஆரம்பித்து 1880ல் முடித்தார்களாம். 632 வருஷம்! பக்கத்து ரயில் பாலத்தின் கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள். காதலர்கள் பெயர் பொறித்த பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ரைன் நதியில் எறிகிறார்கள். நாமும் ஒன்று போடலாமா என்று கேட்டேன். "சாவியைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டு வாசல்ல நிக்கிற பழக்கம் உனக்கு ஏற்கனவே உண்டே" என்றார்.

அந்தப் பாலத்தில் நடந்தபடியே பேசி முடித்தோம். பேராசிரியரிடம் இப்போதே சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. முதலில் ஊர் திரும்புவது. படிப்பை முடிப்பது. இரண்டு வீட்டிலும் மறைக்காமல் சொல்வது. பிறகு சேர்ந்து முடிவு எடுப்பது. ஆகஸ்ட் 12ஆம் தேதி பிராங்க்பர்ட்டில் விமானம் ஏறினோம்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்தார். "நானும் மூணு வருஷத்துல மாத்தல் வாங்கிண்டு வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தான் ரயில் ஏறினேன். பாட்டி கடைசி வரைக்கும் அந்த மூணு வருஷத்தை எண்ணிண்டே இருந்தா. நீ போறதானா தாராளமாப் போ. மூணு வருஷம்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதே. வருஷா வருஷம் வரேன்னு சொல்லு. சொன்னபடி வா."

அந்த வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. 2025ல் எம்.எஸ்ஸி. முடித்தேன். இரு நாட்டுப் பேராசிரியர்கள் சேர்ந்து வழிகாட்டும் ஆய்வு முறை ஒன்று உண்டு என்று தெரிந்துகொண்டு அதற்கு முயன்றேன். இப்போது தில்லியில்தான் ஆய்வு. நடுவில் சில மாதங்கள் அங்கே போய் வர வேண்டியிருக்கும். போகும் தேதியோடு திரும்பும் தேதியையும் சமையலறை நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் போவேன் என்று மாமியாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நம் சங்கத்து வீடுகளில் அநேகமாக எல்லோருமே "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்தான். இப்போது நம் பிள்ளைகள் இன்னும் தூரமாகக் கிளம்புகிறார்கள். போகட்டும், பார்க்கட்டும். கடைசி விடுமுறையில் துணையோடு நாலு ஊர் சுற்றட்டும். ஆனால் சுற்றும்போது, திரும்பி வந்து என்ன செய்யப் போகிறோம் என்பதை ஏரிக்கரையிலோ பாலத்திலோ உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிவிடட்டும். பெரியவர்களும், எப்போது வருவாய் என்று கேட்பதற்கு முன்னால், தாங்கள் ரயில் ஏறிய கதையை அவர்களுக்கு ஒருமுறை சொல்லட்டும்.

ஊர் திரும்பிய வாரத்தில், அப்பா அந்தப் பழைய சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கித் தரச் சொன்னார். உள்ளே ஒரு வேட்டியும், 1985ஆம் வருஷத்துப் பஞ்சாங்கமும் இருந்தன.