ஆறாத புண்ணை அசட்டை செய்யலாமா?

மார்புக் காம்பில் சிறிது அரிப்பு. தோல் சிவந்து செதில் செதிலாக உதிர்கிறது. சில வேளை நீரும் கசிகிறது. மருதமுனையில் தறியருகே அமர்ந்திருக்கும் தாயாயினும், சாய்ந்தமருதில் அடுப்படியில் நிற்கும் தாயாயினும், இதைப் பெற்ற மகளிடங்கூடச் சொல்லக் கூசுவார். தேங்காய் எண்ணெய் தடவுவார். அல்லது பார்மசியில் களிம்பு வாங்கிப் பூசுவார். ஆறியதுபோல் தோன்றும், சில நாளில் மீண்டும் வெளிப்படும். இவ்வாறே மாதங்கள் கழிந்துவிடும்.

இலண்டன் மாநகரத்து அறுவை மருத்துவர் சேர் ஜேம்ஸ் பஜெட், 1874ஆம் ஆண்டில், இத்தகைய புண்ணுடைய 15 பெண்களைப் பற்றி எழுதினார். புண் தோன்றிப் பெரும்பாலும் ஓராண்டிலும், மிஞ்சினால் ஈராண்டிலும், மார்பில் புற்றுநோய் வெளிப்படக் கண்டார் அவர். ஆகவே இதற்குப் ‘பஜெட் நோய்’ என்று பெயர் வந்தது. மார்பகப் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஒருவர் முதல் நால்வர் வரையிலேயே இது காணப்படும். புண் தெரியும்போதே, உள்ளே பாற்குழாய்களிற் புற்றுநோய் இருப்பதே பெரும்பான்மை என்பதை இன்றைய மருத்துவம் அறியும்.

சாதாரணக் கரப்பானிலிருந்து இதனைப் பிரித்தறிவது எவ்வாறு? கரப்பான் பெரும்பாலும் இரு மார்பிலும் வரும். பஜெட் நோயோ ஒரு பக்கத்துக் காம்பில் தொடங்கி, சுற்றிலும் பரவும். எனினும், கண்ணாற் பார்த்து மட்டும் முடிவு செய்தல் இயலாது. அவ்விடத்தை மரக்கச் செய்து, தோலில் ஒரு சிறு துண்டெடுத்து, நுணுக்குக்காட்டியில் ஆராய்வதே உறுதியான வழி. கையிற் கட்டி தட்டுப்படாவிட்டாலும் மமோகிராம் படம் எடுத்தல் வேண்டும்.

சிகிச்சையோ நோய் பரவிய அளவைப் பொறுத்தது. சிலருக்குக் காம்பும் அதன் அடிப்பகுதியும் மட்டும் அகற்றப்பட்டுக் கதிர்வீச்சு அளிக்கப்படும். சிலருக்கு மார்பு முழுவதையும் அகற்ற நேரும். தேவைக்கேற்ப மருந்துகளும் உண்டு. முந்தி வருவோர்க்குக் குணமடையும் வாய்ப்பும் மிகுதி.

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை நமக்கு அருகிலேயே உள்ளது. மேல் சிகிச்சைக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையும் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். சுகவனிதையர் கிளினிக்கிலும் மார்பைப் பரிசோதித்துக்கொள்ளலாம். பெண் வைத்தியர் வேண்டுமெனக் கேட்பதில் தவறில்லை. ராத்தாவையோ மகளையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

தாய்மார்களே! நாணம் நல்லதுதான். ஆனால், இரண்டு மூன்று வாரம் மருந்திட்டும் ஆறாத புண்ணை நாணத்தால் மறைத்தல் நன்றன்று. வீட்டு ஆண்களே! அவர் சொல்லத் தயங்கும் அந்த ஒரு சொல்லைக் கேட்டறிந்து, உடன் அழைத்துச் செல்லுதல் உங்கள் கடமை.