பீடி போய் பாக்கு வந்தது

திருவனந்தபுரம் மாவட்டத்தின் திருப்புறம், பாறசாலைப் பக்கத்து முறுக்கான் (வெற்றிலைப்பாக்கு) கடைகளில் பீடிக்கட்டுக்கு அருகிலேயே வெற்றிலையும் பாக்கும் இருக்கும். பீடியை விட்டவர் கை அங்கே நீள்வதில் வியப்பில்லை. புகை இல்லையே, கேடு என்ன என்பது அவர் கணக்கு. பாக்கு மூளைக்குள் செய்யும் வேலையைப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது.

புகையை ஓர் இழுப்பு இழுத்தால், நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடும். அங்கே நரம்பணுக்களின் மேல் ‘ஏற்பிகள்’ உண்டு. தனக்குப் பொருந்தும் வேதிப்பொருள் வந்தால் மட்டும் திறக்கும் புரதப் பூட்டுகள் அவை. தொடர்ந்து புகைப்பவர் மூளையில் இவை பெருகிவிடுகின்றன. நிறுத்தியதும் அத்தனை பூட்டும் சாவி கேட்கும். எண்ணிக்கை பழைய அளவுக்கு இறங்க 6 முதல் 12 வாரம் ஆகும்.

பாக்கிலுள்ள அரிகோலின் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. நிக்கோட்டின் திறக்கும் அதே வகை ஏற்பியை இதுவும் அரைகுறையாகத் திறக்கிறது என்று 2015-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சுண்ணாம்பு நிறத்துக்கு என்றுதான் பலர் நினைப்பு. எச்சிலில் கரைந்த அரிகோலின் மின்னூட்டத்தோடு இருப்பதால், கொழுப்பாலான செல்சவ்வு அதை எளிதில் உள்ளே விடாது. சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்க, அதாவது அமிலத்துக்கு எதிர்நிலைக்குத் தள்ள, மின்னூட்டம் கழன்றுவிடும். பிறகு கன்னச் சதை வழியாக நேரே இரத்தத்துக்குள்! வேதியியல் படிக்காத நம் பாட்டிகள் கையாண்ட வித்தை இது.

அதே வித்தையை ஸ்வீடன்காரர்கள் ஆலையில் செய்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க வழியில்லாத மாலுமிகள் வாய்ப்புகையிலைக்கு மாறியதைக் கவனித்த உடலியல் ஆய்வாளர் லுண்ட்கிரென், 1967-இல் மருந்து ஆய்வாளர் ஊவே ஃபெர்னோவுக்கு எழுதினார். ஃபெர்னோவின் குழு நிக்கோட்டினை ஒரு பிசினோடு பிணைத்தது. மெல்ல மெல்ல, எச்சிலின் சோடியம் அயனிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றும். சுண்ணாம்புக்குப் பதில் சோடா உப்பு. இந்த நிக்கோட்டின் சூயிங்கம் 1978-இல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. டீயோ காபியோ குடித்த கையோடு மென்றால் வாய் அமிலமாகி மருந்து வீணாகும். கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். சிலர் இதையே ஆண்டுக்கணக்கில் மெல்கிறார்கள். ஆனாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாத பழக்கம். பீடிக்கு ஆயிரம் மடங்கு தேவலை.

டீக்குத் தாவுகிறவர்களுக்கு வேறொரு வேடிக்கை. புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள், கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றால் நொதியும் சில நாளில் தணியும். குடிப்பது வழக்கமான நாலு டீதான். இரத்தத்தில் கஃபீனோ ஏறக்குறைய இரட்டிப்பு. தூக்கம் போய், நெஞ்சு படபடக்கும். பழி மட்டும் பீடியை விட்டதன் மேல் விழும். டீயைப் பாதியாகக் குறைத்தாலே போதும்.

பாக்கு அப்படிப்பட்ட சங்கதி இல்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் அறிவித்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-இல் தொடங்கி, இதே மாவட்டத்தில் 1.9 லட்சம் பேரை உட்படுத்தி ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற பட்டதாரிகள் அவர்களில் பாதிப் பேரின் வாயைச் சோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, சோதிக்கப்பட்ட பிரிவில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை, கண்ணும் வெளிச்சமும்தான்.

முறுக்கானுக்கு மாறியவர்கள் இன்றே கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.