கடனை யார் தலையில் இறக்குவது?

2023 ஜூன் கடைசியில் இலங்கையின் வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாள் மூடியிருந்தன. வியாழன் ஹஜ் பெருநாள், திங்கள் போயா தினம். இடையில் வந்த வெள்ளியை விசேட வங்கி விடுமுறையாக அரசாங்கம் அறிவித்தது. அந்த இடைவெளிக்குள், ஜூலை 1 சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை 122 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து விழுந்த வாக்குகள் 62. சந்தை திறப்பதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நியாயம் இருந்தது. வெட்டு யார்மீது விழுந்தது என்பதில்தான் நியாயம் இல்லை.

அரசாங்கத்துக்கு ரூபாயில் கடன் கொடுத்திருந்தவர்கள் பலர். வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், தனிப்பட்ட முதலீட்டாளர்கள் எல்லோரும் அதில் உண்டு. வங்கிகளில் கைவைத்தால் வைப்பாளர்கள் பதறிப்போவார்கள், ஏற்கெனவே அவை 50 வீதத்துக்கு மேல் வரி கட்டுகின்றன என்று சொல்லி அவற்றை விலக்கினார்கள். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கடைசியில் தம் பிணைமுறிகளைப் புதிய முறிகளுக்கு மாற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்தது ஊழியர் சேமலாப நிதியமும் அதுபோன்ற ஓய்வூதிய நிதியங்களும்தான். மாற்றாவிட்டால் அந்த நிதியங்களின் வருமானத்துக்கு 14 வீத வரி 30 வீதமாகும் என்று சட்டம் வந்தது. மாற்றிக்கொண்ட முறிகளுக்கு முதல் சில வருடங்கள் 12 வீத வட்டி, அதன்பிறகு 9 வீதம். திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தைத் தொட்டிருந்த காலத்துக்குச் சற்றுப் பின்னால் இது நடந்தது. அந்த உயர்ந்த வட்டியை வாங்கியவர்களிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சேமலாப நிதியத்தில் இருப்பது யாருடைய பணம்? ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் சம்பளத்தில் 8 வீதமும், அவளுக்காக முதலாளி கட்டும் 12 வீதமும். தோட்டத் தொழிலாளிக்கு 55 வயதில் (பெண்களுக்கு 50) கையில் வரும் பெருந்தொகை அது. மகளின் கல்யாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், லயத்தை விட்டு வெளியேறிச் சொந்தமாக ஒரு வீடு என்று எத்தனையோ கணக்குகள் அந்தத் தொகையை நம்பிப் போடப்படுகின்றன. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோதே அந்தச் சேமிப்பின் பெறுமதி கரைந்துவிட்டது. அதன்மேல் விழுந்த இரண்டாவது வெட்டுத்தான் இந்தச் சட்டம்.

கடன் இவ்வளவு வளர்ந்தது எப்படி என்று கேட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அம்பாந்தோட்டைத் துறைமுகம். 2017இல் அதை 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுத்து 1.12 பில்லியன் டொலர் வாங்கினார்கள். துறைமுகக் கடனை அடைக்க முடியாமல் துறைமுகத்தையே எழுதிக் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையில் அந்த டொலர் வெளிநாட்டு ஒதுக்கை நிரப்பத்தான் பயன்பட்டது. துறைமுகத்துக்காக வாங்கிய கடன் அப்படியே நின்றது. டொலர் தட்டுப்பாட்டுக்கு வேறு மூலம் இருந்தது. அதைப் பேசினால்தான் நோய் புரியும்.

உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் ஆகியவை தரும் கடன் குறைந்த வட்டிக்கு, நீண்ட காலத்துக்கு வரும். நடுத்தர வருமான நாடாக உயர்ந்ததும் அந்தக் கதவு சிறுத்தது. 2007இல் இலங்கை முதன்முதலாக 500 மில்லியன் டொலருக்குச் சர்வதேச இறையாண்மைப் பிணைமுறி வெளியிட்டது. அதில் நிபந்தனை குறைவு, பணம் உடனே கைக்கு வரும். முதல் தொகையைத் தவணையாகக் கட்ட வேண்டியதில்லை, முதிர்வு நாளில் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். பழைய முறியை அடைக்கப் புதிய முறி என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது. முறிகள் பெருகிய வேகத்தில் ஏற்றுமதி பெருகவில்லை. ரூபாயை அச்சிட முடியும், டொலரை முடியாது.

இந்த நிலையில்தான் 2019 கடைசியில் புதிய அரசாங்கம் வரிகளை வெட்டியது. பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. அந்த வரிக்குப் பதிய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்ந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியும் நின்றது. அடுத்து வந்த கோவிட் சுற்றுலாவை முடக்கியது. 2021இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்குச் சற்று மேல் மட்டுமே. தரமதிப்பு நிறுவனங்கள் இலங்கையைக் கீழே தள்ளின, சந்தைக் கதவு மூடியது. அப்படியிருந்தும் 2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் முறியை முழுதாகக் கட்டினார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்திருக்க வேண்டிய டொலர் அது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் நாடு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. மே தொடக்கத்தில், கையாளக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார்.

இந்த முடிவுகளுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் எடுத்துப் பேசியது. 2019 கடைசியில் வந்த அந்த அரசாங்கத்தை நடத்திய ராஜபக்ச சகோதரர்கள் மூவரும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும் உயர் அதிகாரிகள் சிலரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. முக்கியமான தீர்ப்பு. ஆனால் நட்டஈடு எதுவும் கட்டளையிடப்படவில்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு கிடைத்தது, அவ்வளவே. விலையை முழுதாகக் கட்டுவது இன்னமும் மற்றவர்கள்தான்.

சரிசெய்வது ஏன் இத்தனை கஷ்டம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 2023இல் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கிட்டத்தட்ட 80 ரூபாய் வட்டிக்கே போனது. அரச ஊழியர் சம்பளம், ஆஸ்பத்திரி மருந்து, பாடசாலை, உரம், வீதி எல்லாவற்றுக்கும் மிச்சம் இருபது. போதாத பணத்துக்கு மறுபடி கடன், அதற்கு மறுபடி வட்டி. இதிலிருந்து வெளியே வர, வட்டியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் செலவைவிட வரவு கூடுதலாக இருக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் இலங்கை அதைச் செய்த வருடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2023 மார்ச்சில் ஒப்புதலான சர்வதேச நாணய நிதியத் திட்டத்தின்படி இப்போது அது உற்பத்தியில் 2.3 வீத உபரியாக வருடாவருடம் நீடிக்க வேண்டும். நாணய நிதியத்திடம் இலங்கை போனது இது 17ஆவது தடவை. முந்தைய திட்டங்களில் பலவற்றை அடுத்த தேர்தல் பாதியில் விழுங்கியது.

இத்தனையும் சரியாக நடந்தால் என்ன கிடைக்கும்? 2022 முடிவில் உற்பத்தியில் 128 வீதமாக இருந்த அரச கடன், 2032இல் 95 வீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. பத்து வருடம் வயிற்றைக் கட்டிய பிறகும் நாடு கடன்பாரம் மிகுந்த நாடாகவே இருக்கும். இந்த இலக்கே போதாது என்பது என் கருத்து. 2024 டிசம்பரில் சுமார் 12.5 பில்லியன் டொலர் முறிகளை மாற்றியபோது முதல் தொகையில் 27 வீத வெட்டுக்கு முதலீட்டாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு நிபந்தனை: 2025 முதல் 2027 வரை பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வளர்ந்தால் வெட்டு குறையும், நாடு கூடுதலாகக் கட்ட வேண்டும். வளர்ச்சியின் பலனில் ஒரு பங்கு அப்போதே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

சட்டம் போட்டால் அடங்கும் என்பவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டத்தை நினைவூட்ட வேண்டும். துண்டுவிழும் தொகையை உற்பத்தியில் 5 வீதமாக்கவும், 2013க்குள் கடனை 60 வீதமாக்கவும் அது கட்டளையிட்டது. இலக்கு எட்டாத ஒவ்வொரு முறையும் இலக்கைத்தான் திருத்தினார்கள். 2024இல் வந்த புதிய சட்டம் வட்டி நீங்கலான செலவுக்கு உற்பத்தியில் 13 வீத உச்சவரம்பு வைக்கிறது. வரவேற்கலாம். ஆனால் அது செலவைத்தான் கட்டுகிறது, வரவு எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லவில்லை.

வரவு வந்த வழியைப் பார்த்தால் கோபம் வராமல் இருக்காது. பெறுமதிசேர் வரி 8இலிருந்து 12, 15 என ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமானது. எரிபொருள், சமையல் எரிவாயு போன்றவற்றுக்கு இருந்த விலக்கும் போனது. கோடீஸ்வரனும் கூலிக்காரனும் ஒரே சிலிண்டருக்கு ஒரே வரி கட்டுகிறார்கள். சனத்தொகையில் ஏறக்குறைய நான்கிலொருவர் வறுமையில் இருந்த நாட்டில் இது நடந்தது. சொந்த வீடுகளின் உத்தேச வாடகைப் பெறுமதிமேல், வசதியானவர்களைக் குறிவைத்து விதிக்கப்பட இருந்த வரியோ, 2025இல் வரும் என்று நாணய நிதியத்துக்கு வாக்குக் கொடுத்த பிறகும் தள்ளிவைக்கப்பட்டது. காணி மதிப்பீட்டுத் தரவு தயாரில்லை என்பது காரணம். சிலிண்டருக்கு வரி போட எந்தத் தரவும் தேவைப்படவில்லை.

2024 செப்டெம்பரில் ஆட்சிக்கு வந்தவர்கள் இந்தச் சுமைப் பங்கீட்டை மாற்றுவதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். வந்தபின் நாணய நிதியத் திட்டத்தின் சட்டகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மறுபடி வங்குரோத்துக்குப் போகாமல் இருக்க அது தேவைப்பட்டிருக்கலாம். 2028இலிருந்து வெளிநாட்டுக் கடனின் முதல் தொகையைக் கட்டும் சுமை ஏறத் தொடங்கும், 2029இல் ஜனாதிபதித் தேர்தல். அதற்கு முன் சொத்து வரியைக் கொண்டுவர வேண்டும். சேமலாப நிதியத்தின் பணம் எங்கே முதலிடப்படுகிறது என்று தீர்மானிக்கும் இடத்தில், அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர்களான தொழிலாளர்களின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். இன்று அந்த முடிவை எடுப்பது மத்திய வங்கியின் அதிகாரிகள். கடன் வாங்கும் அரசாங்கத்துக்கும் கடன் கொடுக்கும் தொழிலாளிக்கும் நடுவில் அவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.