நவம்பர் ஏழாம் நாள்

அரசிதழ் என்னும் ஏட்டை நேயர்களில் பலர் கண்டிருக்கமாட்டார்கள். மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்து காலங்கழிக்கும் நமக்கோ அது நாள்தோறும் கண்ணில் படுவது. அதன் முகப்பில் ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள் அச்சாகியிருக்கும். ஒன்று உலகமெங்கும் வழங்கும் தேதி. மற்றொன்று, 1957 மார்ச்சு 22 முதல் நம் அரசாங்கம் மேற்கொண்ட சக ஆண்டுத் தேதி. 2025 நவம்பர் 7-ஆம் நாளை அம்முறைப்படி எழுதினால் "கார்த்திகம் 16, 1947" என்றாகும். இதைக் கண்ட அண்டை வீட்டுத் தமிழ்ச் சிறுவன், "1947 சுதந்திரம் வந்த வருஷமல்லவா, மாமா?" என்று கேட்டான். சக ஆண்டு 78 ஆண்டுகள் பின்தங்கி நடப்பது என்று விளக்கினோம். உடனே அவன் பாட்டியார் உள்ளிருந்து, "கார்த்திகையாவது! ஐப்பசி அடைமழை இன்னும் விட்டபாடில்லை என்று ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது" என்றார். ஒரே நாளுக்கு ஒரே வீட்டில் இத்தனை கணக்கு!

ஆகவே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அந்நாளில் பிறந்தாரையும் மறைந்தாரையும் நினைவுகூர்ந்து, இடையிடையே விளையாட்டாகச் சில வினாக்களையும் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. அந்த நவம்பர் 7-ஐயே எடுத்துக்கொள்வோம். அதில் தில்லியும் கல்கத்தாவும் இரங்கூனும் திருநெல்வேலியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

தில்லியில் வாழும் நேயர்கள் பகதூர்ஷா ஜஃபர் சாலையை அறிவார்கள். பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் வீதி அது. அப்பெயருக்குரியவர் முகலாய வமிசத்தின் கடைசி மன்னர். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சிப்பாய்கள் அவரைத் தலைவராக்கினர். கிளர்ச்சி அடங்கியதும் ஆங்கிலேயர் அவரைச் செங்கோட்டையிலேயே விசாரித்து நாடுகடத்தினர். 1858 அக்டோபர் 7-ஆம் நாள் விடியுமுன் மாட்டுவண்டியில் தில்லியை விட்டு நீங்கிய அம்முதியவர், 1862 நவம்பர் 7-ஆம் நாள் இரங்கூனில் தமது 87-ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் உருதுக் கவிஞர். ஜஃபர் என்பது கவிதைக்காக அவர் பூண்ட புனைபெயர். அதற்கு வெற்றி என்று பொருள். மொழிபெயர்ப்போர்க்குச் சில சொற்கள் நெஞ்சை அறுக்கும். இதுவும் அவற்றுள் ஒன்று.

மன்னரை அன்று மாலையே அடக்கம் செய்து, சமாதி எங்கென்று பிற்காலத்தார் அறியாதபடி புல்லை வளரவிட்டார்கள். 1991-ஆம் ஆண்டு வடிகாலுக்காக மண்ணைத் தோண்டியபோதுதான் உண்மையான சமாதி வெளிப்பட்டது. ஆயினும் அதற்கு வெகு முன்னரே அவ்விடத்தின் சுற்றுப்புறம் வழிபாட்டுக்குரியதாகிவிட்டது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் அங்கே சென்று அஞ்சலி செலுத்தினார். அவருடைய படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் ஏராளம். "தில்லி சலோ" என்று முழங்கிய அவர்களிற் பலர் தில்லியைக் கண்டவரே அல்லர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இதோ முதல் வினா. இந்தியாவின் கடைசி முகலாயரைப் பர்மாவுக்கு அனுப்பிய ஆங்கிலேயர், பர்மாவின் கடைசி மன்னர் திபாவை 1885-இல் சிறைபிடித்து எங்கே கொண்டுவந்து வைத்தார்கள்? விடை: மேற்குக் கடற்கரையில் இரத்தினகிரியில். பண்டமாற்று என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

மன்னர் தில்லியை நீங்கிச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1858 நவம்பர் 7-இல், வங்கத்தின் சில்ஹெட் பகுதியில் ஒரு குழந்தை பிறந்தது. அதுவே பின்னாளில் லால், பால், பால் என்று நாடு அழைத்த மூவருள் ஒருவரான விபின சந்திர பாலர். 1906-இல் "வந்தே மாதரம்" என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கியவர். பங்கிம் சந்திரரின் வந்தே மாதரப் பாடலும் 1875-இல் இதே நவம்பர் 7-ஆம் நாளில்தான் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் 150-ஆம் ஆண்டு விழாவை மத்திய அரசாங்கம் 2025-இல் அந்நாளிலேயே தொடங்கிவைத்தது. பாரதியார் அப்பாடலைத் தமிழாக்கினார். ஒரு முறை செய்து நிறைவுறாமல் மீண்டும் ஒரு முறை செய்தார். நம் தொழிலில் உள்ளவர்களுக்கு இது ஆறுதலளிக்கும் செய்தி.

நம் அலுவலகத்தில் வங்க நண்பர் ஒருவர் உண்டு. ஒரு நாள் பேச்சுவாக்கில் பாலரைப் பற்றி நாம் ஏதோ சொல்ல, "அவர் எங்கள் மனிதராயிற்றே, உங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார். நாம் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே இங்கும் சொல்லுகிறோம். வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் எவரையும் இவ்வினா ஒரு நாள் வந்து சேரக்கூடும்.

1907 மே மாதம் பாலர் சென்னைக்கு வந்தார். கடற்கரை மணலில் மாலைதோறும் கூட்டம் திரண்டது. அவர் வருகைக்கு முன்னின்று உழைத்தோருள் பாரதியார் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பரில், அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்த குற்றத்துக்காகப் பாலருக்கு ஆறு மாதச் சிறைவாசம் கிடைத்தது. 1908 மார்ச்சு 9-ஆம் நாள் அவர் விடுதலையானார். சிறையின் கதவு திறந்தது வடக்கே. கொண்டாட்டம் நிகழ்ந்தது தாமிரபரணிக் கரையில். அதிகாரிகளின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மக்களைத் திரட்டி அந்நாளைக் கொண்டாடினார்கள். மார்ச்சு 12-இல் அவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன, அரசாங்கக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-இல் பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் நாற்பது ஆண்டுகள், விதிக்கப்பட்டன. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் கோவைச் சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளிவந்தபோது, அவர் அரும்பாடுபட்டு நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பெனி இல்லாமற் போயிருந்தது. ஒரு வங்காளியின் ஆறு மாதச் சிறை முடிந்ததைக் கொண்டாடியதற்கு ஒரு தமிழர் கொடுத்த விலை இது.

வங்க நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பிள்ளையவர்களின் பெயரை எழுதித் தரும்படி கேட்டு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாலர் சிறை புகுந்த அதே 1907-ஆம் ஆண்டு, கல்கத்தா நகருக்கு நிதித்துறை உத்தியோகம் ஏற்றுப் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். 1888 நவம்பர் 7-இல் திருவானைக்காவில் பிறந்து, தந்தையின் ஆசிரியப் பணி காரணமாக விசாகப்பட்டினத்தில் வளர்ந்த சந்திரசேகர வேங்கடராமன் அவர். சிறு வயதிலேயே ஊர் மாறியவர், உத்தியோகத்தால் மீண்டும் ஊர் மாறினார். இந்தக் கதை நம் நேயர்களில் எத்தனை பேருக்குச் சொந்தக் கதை! டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்க மருத்துவர் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. ஆராய்ச்சி செய்வார் அரிதாகிக் கிடந்த அக்கட்டடத்தில், விடியற்காலையிலும் மாலைக்குப் பின்னரும் ராமன் ஆராய்ச்சி நடத்தினார். இடைப்பட்ட நேரத்தில் அரசாங்கத்தின் கணக்குகளைப் பார்த்தார். கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டு வீடு திரும்பியதும் சாய்வு நாற்காலியைத் தேடும் நம்மைப் போன்றோர் இதைப் படித்து வெட்கப்படலாம்.

இரண்டாம் வினா: கணக்குத் துறை மாற்றல் உத்தரவு 1909-இல் ராமனைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஊர் எது? நேயர்கள் ஊகித்திருப்பார்கள்: இரங்கூன். அங்கிருந்து நாகபுரிக்கும், பின்னர் மறுபடி கல்கத்தாவுக்கும் மாற்றினார்கள். 1917-இல் அந்தப் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு, அதனினும் குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் அவருடைய பெயராலேயே வழங்கும் ஒளிச்சிதறல் வெளிப்பட்டதும், 1930-இல் நோபெல் பரிசு வந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அவ்வாராய்ச்சியில் உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தா சென்றவரே என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லி மேலே செல்வோம்.

பௌதிகத்துக்கும் இந்நாளுக்கும் ஏதோ உறவு இருக்கவேண்டும். 1867 நவம்பர் 7-இல் வார்சாவில் பிறந்தவர் மேரி கியூரி. பாரிசுக்குக் குடிபெயர்ந்த அவர், தாம் கண்ட புதிய தனிமத்துக்குத் தாய்நாட்டின் பெயரைச் சூட்டிப் பொலோனியம் என்றார். அந்த 1898-இல் போலந்து என்றொரு சுதந்திர நாடே தேசப்படத்தில் கிடையாது! 1878-இல் வியன்னாவில் பிறந்த லிசே மைட்னரும் நவம்பர் 7-ஐயே பிறந்த நாளாகக் கொண்டாடினார். பதிவேட்டில் 17 என்று இருப்பதாகச் சொல்லுவார்கள். அணுப்பிளவை விளக்கிய அவருக்கு நோபெல் பரிசு தரப்படவில்லை. ஆனால் 109-ஆம் தனிமம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வீட்டிலுள்ள இளைஞர்களிடம் இந்நாளில் பிறந்த தமிழர் யார் என்று கேளுங்கள். ராமனுக்கு முன்னால், 1954-இல் பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனின் பெயர்தான் வரும். அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

இனிக் கடைசியும் கடினமுமான வினா. ருஷ்யாவில் 1917-இல் நிகழ்ந்த புரட்சியை அந்நாட்டார் அக்டோபர் புரட்சி என்றார்கள். நம்மவர் பலர் நவம்பர் புரட்சி என்கிறார்கள். இரண்டும் சரியே. ருஷ்யாவின் பழைய பஞ்சாங்கத்தில் அது அக்டோபர் 25. உலகின் புதிய பஞ்சாங்கத்தில் நவம்பர் 7. இடையில் பதின்மூன்று நாள். புரட்சியின் தலைவர்களுள் ஒருவரான டிராட்ஸ்கி பிறந்தது 1879-இல், பழைய கணக்கில் அக்டோபர் 26. புதிய கணக்கில் நவம்பர் 7. அப்படியானால் புரட்சி அவருடைய பிறந்த நாளன்று நடந்ததா, முந்தின நாள் நடந்ததா?

பழைய கணக்கில் முந்தின நாள். புதிய கணக்கில் அதே நாள். முரண்பாடு ஏதுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு பஞ்சாங்கங்களுக்கும் இடைவெளி பன்னிரண்டு நாள்தான். பழைய முறையில் 1900 லீப் ஆண்டு. புதிய முறையில் அன்று. அங்கே ஒரு நாள் கூடிப் பதின்மூன்றாயிற்று. 1918-இல் ருஷ்யாவும் புதிய முறைக்கு மாறியது; ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று விடிந்தது.

இதை அச்சிறுவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பாட்டியார் கேட்டுக்கொண்டிருந்தார். "தேதியில் என்ன இருக்கிறது? பிறந்த நாள் என்றால் நட்சத்திரமல்லவா பார்க்கவேண்டும்?" என்றார். உண்மையே, அவர் பேரனுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிறந்த நாள், வீட்டில் ஒரு பிறந்த நாள். இரண்டும் எப்போது ஒன்றாக வரும் என்று அவன் கேட்டான். சந்திரன் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே தேதியில் அதே நட்சத்திரத்துக்குத் திரும்புகிறது. ஆகையால் 19, 38, 57 ஆகிய வயதுகளில் இரண்டும் சேரும், தவறினால் ஒரு நாள் முன்பின்னாக இருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னோம். பையன் விரல் விட்டு எண்ணினான். 1879-இல் பிறந்தவருக்கு 1917-இல் 38 வயது.

"அப்படியானால் அந்த ருஷ்யாக்காரருக்கு அன்று நட்சத்திரப்படியும் பிறந்த நாள்தான்" என்று பாட்டியார் திருப்தியோடு எழுந்து உள்ளே போனார்.